கொடுத்த ஈரல் வேலை செய்யுமா? உடற்சூட்டில் ஓடவிட்டுப் பார்க்கும் முறை

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பம் சம்மதித்து, ஈரலை எடுக்கலாம் என்று முடிவான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். இதை இன்னொருவர் உடலில் வைத்தால் வேலை செய்யுமா? சிறுநீரகம் என்றால், மாற்றி வைத்த பிறகு சில நாள் அடம்பிடித்தாலும் டயாலிசிஸ் செய்துகொண்டு காத்திருக்கலாம். ஈரலுக்கு அப்படி நம்பி இருக்கக்கூடிய கருவி எதுவும் கிடையாது. வைத்த ஈரல் முதல் சில நாட்களுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அவசரமாக வேறொரு ஈரல் வேண்டும். கிடைக்காவிட்டால் நோயாளி பிழைக்க மாட்டார்.

இவ்வளவு பாரதூரமான முடிவைப் பெரும்பாலும் கண்ணையும் கையையும் நம்பித்தான் எடுத்து வந்திருக்கிறார்கள். கொடையாளியின் வயது, நீரிழிவு இருந்ததா, தீவிர சிகிச்சைப் பிரிவில் எத்தனை நாள் கிடந்தார், இரத்த அழுத்தம் எப்படி இருந்தது, ஈரல் நொதிகள் எவ்வளவு என்று முதலில் பார்ப்பார்கள். வயிற்றைத் திறந்த பிறகு ஈரலின் நிறத்தைப் பார்ப்பார்கள், விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். நல்ல ஈரல் செம்பழுப்பாக, கூரிய விளிம்போடு இருக்கும். கொழுப்பு ஏறிய ஈரல் மஞ்சள் பாரித்து, விளிம்பு மழுங்கி, தொட்டால் தடிப்பாகத் தெரியும். தேவையென்றால் சிறு துண்டு ஒன்றை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அனுபவம் மிக்க இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள் ஒரே ஈரலைப் பார்த்து இரண்டு முடிவுக்கு வருவதும் நடக்கும். சந்தேகம் வந்தால் வேண்டாம் என்று விடுவதுதான் வழக்கம். அதில் பிழை சொல்ல முடியாது. சந்தேகத்துக்கு விலை கொடுக்கப்போவது மேசையில் கிடக்கும் நோயாளி. ஆனால் அப்படி விடப்பட்ட ஈரல்களுக்குள் நல்லவையும் இருந்திருக்கும். எத்தனை என்று அறிய அப்போது வழி இருக்கவில்லை.

சுன்னாகத்துச் சந்தையில் பழைய இறைப்பு மெஷின் வாங்குகிற தோட்டக்காரர் யாரும் பெயின்ற்றைப் பார்த்துக் காசு கொடுப்பதில்லை. ஓடவிட்டு, தண்ணீர் எப்படி வருகிறது, சத்தம் எப்படி என்று பார்த்துத்தான் வாங்குவார். ஈரலையும் அப்படி உடலுக்கு வெளியே, உடற்சூட்டில், இரத்தம் பாய்ச்சி ஓடவிட்டுப் பார்ப்பதுதான் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்திருக்கும் முறை.

அதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். தோமஸ் ஸ்டார்சல் என்ற அமெரிக்க மருத்துவர் 1963இல் மனிதருக்கு முதல் ஈரல் மாற்றைச் செய்தார். அந்த நோயாளி பிழைக்கவில்லை. மாற்று ஈரலோடு ஒருவர் கணிசமான காலம் உயிர்வாழ 1967 வரை பொறுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நேற்றுவரை ஈரலைப் பாதுகாக்கும் வழி குளிர்தான். இரத்தத்தைக் கழுவி அகற்றி, குளிர்ந்த கரைசலை நிரப்பி, பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். 1980களில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உருவான கரைசல் வந்த பிறகு இந்த முறை நன்றாகவே உறுதிப்பட்டது. 4 பாகை செல்சியஸ் அளவில் கலங்களின் வேலை பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். குறையுமே தவிர நிற்காது. ஒட்சிசன் இல்லாமல், சேமித்து வைத்த சக்தி மெல்ல மெல்லக் கரையும். நல்ல ஈரல் 10, 12 மணித்தியாலம் தாங்கலாம். கொழுப்பு ஏறியது, வயதான கொடையாளியுடையது என்றால் அவ்வளவு தாங்காது. ஐஸில் கிடக்கும் ஈரல் தன் நிலைமையைப் பற்றி எதையும் சொல்லாது என்பது இன்னொரு சிக்கல். எந்த வேலையும் செய்யாத உறுப்பிடம் எதைச் சோதிப்பது?

உடற்சூட்டு முறையில் ஐஸுக்குப் பதிலாக ஒரு கருவி. பெரிய தள்ளுவண்டி அளவில் இருக்கும். ஈரலுக்கு இரண்டு வாசலால் இரத்தம் போகிறது. ஈரல் நாடி ஒட்சிசன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுவரும். குடலிலிருந்து வரும் வாயினாளம் அதைவிடக் கூடிய அளவைக் கொண்டுவரும். இரண்டிலும் குழாய் பொருத்துவார்கள். வெளியேறும் பெருநாளத்தில் இன்னொரு குழாய், பித்தம் வெளியேறும் பித்தக்கானில் மெல்லிய குழாய் ஒன்று. கருவிக்குள் பம்பி, ஒட்சிசன் ஏற்றும் பகுதி, 37 பாகையில் வைத்திருக்கும் சூடாக்கி. சுற்றி ஓடுவது குருதி வங்கியிலிருந்து எடுத்த செங்குருதிக் கலங்கள்; வழக்கமாக மூன்று பை. அதோடு இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், நுண்ணுயிர்கொல்லி, இன்சுலின், ஊட்டச்சத்து, பித்தம் சுரக்கத் தேவையான பித்த உப்பு.

இரத்தம் உள்ளே போகத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வெளிறிக் கிடந்த ஈரலின் மேற்பரப்பு நிறம் மாறும். எல்லா இடமும் ஒரே சீராகச் சிவந்தால் நல்லது. திட்டுத் திட்டாக வெளிறி நின்றால் அந்தப் பகுதிகளுக்கு இரத்தம் போகவில்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் பித்தக்கான் குழாயில் துளி துளியாகப் பித்தம் வரத் தொடங்கும். மனித உடலுக்கு வெளியே, ஒரு பாத்திரத்துக்குள் கிடந்தபடி ஈரல் பித்தம் சுரக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பீற்றர் ஃபிரெண்டும் பொறியியலாளர் கொன்ஸ்டன்ரின் கூசியோஸும் சேர்ந்து உருவாக்கிய கருவியில் வைத்திருந்த ஈரல், 2013இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. 2018இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஐரோப்பிய ஒப்பீட்டு ஆய்வுதான் இந்த முறையை உலகம் திரும்பிப் பார்க்கவைத்தது. மாற்றப்பட்ட 220 ஈரல்களில், ஐஸில் வைத்தவற்றையும் கருவியில் வைத்தவற்றையும் ஒப்பிட்டார்கள். கருவியில் வைத்த ஈரல்கள் சராசரியாக 12 மணித்தியாலம் அளவு வெளியே இருந்தன. ஐஸில் இருந்தவை எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அப்படியிருந்தும் கருவியில் இருந்தவற்றில் காயத்தைக் காட்டும் நொதி பாதியளவுதான். பயன்படுத்தாமல் கைவிடப்பட்டவையும் பாதியாகக் குறைந்தன. ஓராண்டுக்குப் பிறகு மாற்று ஈரல் நிலைத்து நிற்பதில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இவ்வகையான இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது.

கூடுதல் நேரம் பயனுள்ளதுதான். ஆனால் என் பார்வையில் இந்தக் கருவி தரும் பெரிய கொடை சோதனை. அந்தச் சோதனையின் நடுவில் இருப்பது லாக்டேட் என்ற சாதாரண இரத்தப் பரிசோதனை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினர் யாரையாவது வைத்துப் பார்த்தவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கக்கூடும். கிருமி இரத்தத்தில் பரவியவர்களுக்கும் டெங்கு அதிர்ச்சியில் வருபவர்களுக்கும் அடிக்கடி பார்ப்பார்கள். ஒட்சிசன் போதாத கலங்கள் லாக்டேட்டை வெளியே தள்ளும். அதை எடுத்து மீண்டும் குளுக்கோஸாக மாற்றுவது முக்கியமாக ஈரலின் வேலை. கருவியில் சுற்றும் இரத்தத்தில் ஆரம்பத்தில் லாக்டேட் மிக உயர்ந்து இருக்கும். நல்ல ஈரல் அதை இரண்டு மணித்தியாலத்துக்குள் வேகமாகக் கீழே கொண்டுவந்துவிடும். ஒரு பெட்டியில் ஒரு ஈரல், ஒரு பம்பி. அதைச் சுத்தம் செய்ய வேறு உறுப்பு எதுவும் அங்கே இல்லை. இறங்கினால் அந்த ஈரல்தான் இறக்கியது.

இதை வைத்து பேர்மிங்ஹாம் குழு துணிச்சலான ஆய்வொன்றைச் செய்து 2020இல் வெளியிட்டது. பிரித்தானியாவின் உறுப்புமாற்று மையங்கள் எல்லாமே வேண்டாம் என்று தள்ளிய 31 ஈரல்களைக் கருவியில் ஏற்றினார்கள். நான்கு மணித்தியாலத்துக்குள் லாக்டேட் 2.5 மில்லிமோலுக்குக் கீழே வர வேண்டும் என்பது முதல் நிபந்தனை. அதோடு பித்தம் சுரத்தல், இரத்தத்தின் அமிலத்தன்மையைத் தானே சரிசெய்தல், குளுக்கோஸைப் பயன்படுத்துதல், நாடியிலும் நாளத்திலும் போதிய ஓட்டம், எங்கும் சீரான நிறம் என்பவற்றில் குறைந்தது இரண்டில் தேற வேண்டும். தேறியவை 22. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய 22 ஈரல்கள் 22 பேருக்குப் பொருத்தப்பட்டன. 90 நாளின் பிறகு 22 பேரும் உயிரோடிருந்தார்கள்.

ஆனால் அந்த ஆய்வின் பின்பகுதியையும் வாசிக்க வேண்டும். பின்னாளில் அவர்களில் நான்கு பேருக்குப் பித்தக்கான்கள் சுருங்கி, இன்னொரு ஈரல் மாற்றே தேவைப்பட்டது. லாக்டேட் நன்றாக இறங்கிய ஈரல்களுக்கு ஏன் இப்படி ஆனது? ஈரல் கலங்களுக்கு இரத்தம் இரண்டு வழியால் வருகிறது என்றேன். பித்தக்கான்களுக்கு அப்படியில்லை. அவை ஈரல் நாடியை மட்டுமே நம்பியிருக்கின்றன. ஒட்சிசன் இல்லாத நேரத்தில் ஈரல் கலங்கள் தப்பினாலும் கான்களின் உட்பூச்சுக் கலங்கள் செத்திருக்கலாம். லாக்டேட் ஈரல் கலத்தின் கதையைச் சொல்லுமே ஒழியக் கான்களைப் பற்றி வாய் திறக்காது.

அதற்குப் பித்தத்தையே கேட்க வேண்டியிருக்கிறது. ஈரல் கலம் சுரந்த பித்தம் கான் வழியே வரும்போது, நலமான உட்பூச்சுக் கலங்கள் அதற்குள் பைகாபனேற்றைச் சேர்க்கும், குளுக்கோஸை உறிஞ்சி எடுக்கும். ஆகவே வெளியே வரும் பித்தம் காரத்தன்மையோடும் குளுக்கோஸ் குறைந்தும் இருக்கும். கேம்பிரிட்ஜில் கிறிஸ்ரோபர் வற்சனின் குழு இதைத்தான் கவனித்தது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு பித்தத்தில் 7.5ஐ எட்டிய ஈரல்களில் கான்களுக்குப் பிறகு சிக்கல் வரவில்லை. காரத்தன்மை ஏறாமல் நின்றவற்றில்தான் சிக்கல் வந்தது. அதனால் ஏராளமாகப் பித்தம் வந்தாலே ஈரல் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அளவைவிடத் தன்மைதான் முக்கியம். கருவியில் பித்தமே சுரக்காத சில ஈரல்கள் பொருத்திய பிறகு ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன என்பதும் உண்மை.

லாக்டேட்டுக்கே இன்னொரு குறை உண்டு. ஈரலின் ஒவ்வொரு நுண்பகுதியிலும் இரத்தம் நுழையும் பக்கத்துக் கலங்கள்தான் லாக்டேட்டை அதிகம் கையாளுகின்றன. ஒட்சிசன் தட்டுப்பாட்டில் முதலில் அடிபடுவதோ வெளியேறும் பக்கத்துக் கலங்கள். ஆகவே பாதி பழுதான ஈரலும் லாக்டேட்டை இறக்கிக் காட்டி ஏமாற்றலாம். இதனால்தான் அடிபட்ட ஈரல் கலங்களிலிருந்து ஏ.எல்.டி. என்ற நொதி எவ்வளவு கசிகிறது, குளுக்கோஸ் முதலில் ஏறிப் பிறகு இறங்குகிறதா, அமிலத்தைச் சமன்செய்ய எவ்வளவு பைகாபனேற்று ஊற்ற வேண்டியிருந்தது என்று பலதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒற்றை எண்ணைக் காட்டி இது தேறும், இது தேறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு கான்களைக் காப்பதற்கு வேறு வழியில் போனது. அவர்கள் முதலில் குளிரிலேயே ஒட்சிசன் ஏற்றிய கரைசலை ஓடவிடுகிறார்கள். இதயத்துடிப்பு நின்ற பிறகு எடுத்த ஈரல்களில், கான் சுருக்கம் 18 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்ததை 2021இல் காட்டினார்கள். பிறகு அதே கருவியில் படிப்படியாகச் சூடாக்கிச் சோதிப்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். குளிர் ஓட்டம் ஈரலைத் தேற்றுகிறது, சூட்டு ஓட்டம் சோதிக்கிறது. இரண்டும் சேர்ந்த வழிதான் நிலைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம்முடைய பக்கம். இலங்கையில் ஈரல் மாற்று நடப்பது தெற்கில்: ராகமவிலுள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை, கொழும்பு. யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீற்றர் அளவு தூரம். ஏ9 வீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து, தலையில் பலத்த அடி, மூளைச்சாவு, குடும்பத்தின் சம்மதம் என்று இங்கே ஒரு ஈரல் கிடைத்தால் அது தெற்கே போக வேண்டும். வீதியால் என்றால் ஏழெட்டு மணித்தியாலம். ஐஸ் பெட்டி தரும் நல்ல நேரத்தில் பெரும்பகுதி வவுனியா, புத்தளம் என்று வீதியிலேயே கரைந்துவிடும். பலாலியிலிருந்து வானூர்தி என்றால் நேரம் மிச்சம். அதற்கு வானூர்தியும் ஆயத்தமாக இருக்க வேண்டும், வானிலையும் ஒத்துழைக்க வேண்டும்.

அதே தூரத்தை ஈரலுக்குக் காத்திருப்பவரும் கடக்க வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பருத்தித்துறையில் இருக்கும் ஒரு சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகும் நோய்) நோயாளியை நினைத்துப் பாருங்கள். வயிற்றில் தண்ணி கட்டி, கால் வீங்கி, இரவில் மனம் தடுமாறி இருப்பவர். நடுச்சாமத்தில் தொலைபேசி வரும்; உடனே வெளிக்கிட வேண்டும். வான் பிடித்து, மனைவியும் மகனும் கூட ஏறி, விடியும்போது ராகம போய்ச் சேர்ந்தால், “ஈரல் சரிவராது போல, நீங்கள் வீட்டை போகலாம்” என்று கேட்க வேண்டி வரலாம். உறுப்புமாற்று நடக்கும் எந்த நாட்டிலும் இது நடக்கிறது. யாருடைய பிழையும் இல்லை. ஆனால் அந்த உடம்போடு திரும்பிப் போகும் 400 கிலோமீற்றர் எப்படி இருக்கும்?

இப்படியான கருவி ஒன்று ராகமவிலோ கொழும்பிலோ வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை யாழ்ப்பாணத்துக்குத் தூக்கி வரத் தேவையில்லை. ஈரலை வழமைபோல ஐஸில் கொண்டுபோய், மாற்று நடக்கும் வைத்தியசாலையில் கருவியில் ஏற்றலாம். முதலில் ஐஸ் பெட்டி, பிறகு கருவியில் சூடு என்ற இந்த வழி பாதுகாப்பாகச் செய்யக்கூடியது என்று பிரித்தானியாவில் 2019இல் காட்டியிருக்கிறார்கள். அங்கே நான்கு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்க்கலாம். தேறினால் மட்டும் நோயாளியை மயக்கலாம். கருவியில் 24 மணித்தியாலம் வரை வைத்திருக்க முடியும் என்பதால் பருத்தித்துறைக்காரர் நிதானமாகப் பயணம் செய்து வந்து சேரவும் நேரம் கிடைக்கும். நடுச்சாமத்தில் களைத்துப்போன குழுவோடு தொடங்குவதற்குப் பதில் காலையில் முழுப் பலத்தோடு தொடங்கலாம். தலைநகரிலிருந்து தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் இந்த முறையின் பயன் மிகக் கூட என்று நான் சொல்வது இதனால்தான்.

கொழுப்பு ஈரலும் இங்கே முக்கியம். ராகமவில் பொதுமக்களிடையே செய்த ஆய்வொன்றில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்புக் கண்டார்கள். அரிசிச் சோறு, இடியப்பம், பிட்டு, இனிப்புத் தேநீர், குறைந்த உடற்பயிற்சி என்று வாழும் யாழ்ப்பாணத்தார் விதிவிலக்காக இருப்போம் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. கொடையாளி இளைஞராக இருந்தாலும் ஈரல் மஞ்சள் பாரித்திருக்கலாம். கண்ணால் பார்த்துத் தள்ளப்படுபவற்றில் இப்படியானவையே அதிகம். ஓடவிட்டுப் பார்த்தால், மஞ்சளாக இருந்தும் நன்றாக வேலை செய்பவற்றைப் பிரித்தெடுக்கலாம்.

இறந்தவரின் ஈரல் கிடைக்காத இடங்களில், உயிரோடிருக்கும் மகனோ தங்கையோ தன் ஈரலில் பாதியை வெட்டிக் கொடுக்கிறார். ஆயிரம் கொடையாளிகளில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை அதில் உயிரிழக்கக்கூடும் என்று மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. நலமாக இருந்த ஒருவருக்கு இது சின்ன ஆபத்து இல்லை. தள்ளப்படும் ஒவ்வொரு ஈரலையும் மீட்பது அந்தத் தங்கையையும் சத்திரசிகிச்சை மேசையிலிருந்து காப்பாற்றும்.

செலவு பெரிது என்பதை மறைக்கத் தேவையில்லை. கருவியை ஒருமுறை வாங்கினால் போதாது; ஒவ்வொரு ஈரலுக்கும் புதிய குழாய்த்தொகுதி வேண்டும், அது ஒருமுறை பாவித்து எறிவது, வெளிநாட்டிலிருந்து வருவது. ஐஸ் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். கருவி நின்றுபோனால் 37 பாகையில் ஒட்சிசன் இல்லாத ஈரல் வெகு சீக்கிரம் பழுதாகும். ஆகவே இரவு முழுவதும் பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தே ஆக வேண்டும். தவறாக ஓட்டினாலும் கெடுதல் உண்டு. கேம்பிரிட்ஜ் குழு ஆரம்பத்தில் ஒட்சிசனை அளவுக்கு மிஞ்சி ஏற்றியபோது, பொருத்திய பின் நோயாளிகளின் இரத்த அழுத்தம் சரிவதைக் கண்டு, பிறகு அளவைக் குறைத்தார்கள். ஆண்டுக்குச் சில ஈரல்களே கிடைக்கும் நாட்டில் இவ்வளவு செலவு தகுமா என்று சுகாதார அமைச்சில் யாரும் கேட்டால் அது நியாயமான கேள்வி. தள்ளப்படும் ஈரல்களின் கணக்கை, தள்ளிய காரணத்தோடு, ஆண்டுதோறும் எழுதி வைத்தால் அதற்குப் பதில் சொல்லலாம். எழுதி வைப்பதற்குக் காசு வேண்டியதில்லை.

1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டம் மூளைச்சாவையும் உறுப்புக் கொடையையும் ஏற்றுக்கொண்டு வெகுகாலமாகிவிட்டது. 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக உலகின் பல நாடுகளுக்குக் கண் கொடுத்த நாடு இது. கொடுக்கும் மனம் இங்கே இல்லையென்று சொல்ல முடியாது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே “சரி, எடுங்கோ” என்று சொல்லும் தாய் தகப்பனுக்குப் பிறகு ஒரே கேள்விதான் இருக்கும்: “டொக்டர், பிள்ளையின்ரை ஈரல் ஆருக்காவது உதவினதோ?” இப்போது பல சமயம் சொல்லக்கூடிய பதில், பார்த்தார்கள், சரிவரவில்லை என்பது மட்டும். ஓடவிட்டுப் பார்த்திருந்தால், எத்தனை மணித்தியாலம் முயன்றார்கள், எது இறங்கவில்லை, எது சுரக்கவில்லை என்று சொல்லலாம். அந்தத் தகவல் குடும்பத்துக்கு எழுத்தில், தமிழில், கையில் கொடுக்கப்பட வேண்டும். கருவி வருகிற நாளில் அதை இயக்கும் விதிமுறைகளோடு இதையும் எழுதிச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.